ஜோடி மாறிய மெட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று, தாயில்லாமல் வந்த நாத்தனார் மகன் ஒன்று. நாலு பேர் இடுப்பிலும் வெள்ளி அரைஞாண் கிடந்தது. ஒன்றுகூட ஒருநாளும் கருத்துத் தெரிந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கடலூர் ஓல்டு டவுனில், கடல் காற்று வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் தெருவில், வெள்ளியை வெள்ளியாக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அப்படிப்பட்ட நான், ஆஸ்திரேலியாவில் இருக்கும் இந்த டார்வின் ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். என் மெட்டி இரண்டும் தாளிப்புக் கரண்டி மாதிரிக் கருத்துக் கிடந்தன. போன வெள்ளிக்கிழமைதான் துலக்கி வைத்தது. நம் ஊரில் ஐப்பசி அடைமழையில்கூட ஒரே வாரத்தில் இப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் ஊர்ப் பேர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி யாழினி. இங்கே சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் ‘போறேன்’ என்றால் அவள் ‘போகிறேன்’ என்று எழுதுகிறாள். ‘வூடு’ என்றால் ‘வீடு’ என்று திருத்துகிறாள். படிக்கிறவர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் யார் என்ன பேசினார்களோ, அதை மட்டும் பேசின மாதிரியே எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இங்கிருக்கும் தமிழ்க்காரர்கள் ஓர் ஆண்டு மலர் போடுகிறார்களாம், வந்த ஊரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் முதலை, கங்காரு என்று எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது மெட்டி.

அந்த மெட்டி இப்போது என் காலில் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு, கருமாதி அன்று கழற்றிவிட்டார்கள். விரல் தடித்துப்போய் மெட்டி வெளியே வரவில்லை. என் ஓரகத்தி தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சோப்பு நுரை விட்டுப் பார்த்தாள், கடைசியில் திருகித் திருகி எடுத்து ஒரு கிண்ணம் பாலில் போட்டாள். அது கிடந்த இடம் இன்னும் விரலைச் சுற்றி வெளுத்த வளையமாகத் தெரிகிறது. அன்றைக்கே எனக்குள் முடிவு செய்துகொண்டேன். நான் போகிற நாளில் இந்த இரண்டையும் என் காலில் போட்டு அனுப்ப வேண்டும். போடும்போது அது வெள்ளையாக இருக்க வேண்டும், அவர் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படி. என்றைக்குப் போவோம் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் துலக்கி வைக்கிறேன். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை, எல்லாம் பார்த்தாயிற்று.

கடலூரில் இருக்கும் என் மகன் குமாரிடம் இதைப் போனில் சொன்னேன்.

“ம்மா, சுமங்கலியா போனாத்தான் மெட்டி போடுவாங்க. நீ சொல்றத கேட்டா ஊர்ல நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“நாலு பேரு என்னத் தூக்கறதுக்குத்தான்டா வேணும். பேசறதுக்கா?” என்றேன். சிரித்தான், ஆனால் சரி என்று சொல்லவில்லை.

என்னை இங்கே அழைத்து வந்து வைத்திருப்பவள் மகள் மலர், யாழினியின் அம்மா. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே, “ம்மா, அத வுடு” என்று எழுந்து போய்விடுவாள். சாவைப் பார்க்காதவள் இல்லை. அவள் கையில் எத்தனையோ பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். என் சாவை மட்டும் அவளால் காதால் கேட்க முடியவில்லை. ஊரில் செத்தால் மெட்டி கிடையாது. இங்கே செத்தால் ஊர் கிடையாது. இதில் எது தேவலை என்று துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இங்கே செத்தால் தடுக்க ஆளில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் போட்டுவிட மலர் ஒருத்திதானே இருக்கிறாள்? அவளோ காதைப் பொத்திக்கொள்கிறாள்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் பெவ். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். தனி ஆள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் ஆரஞ்சுப் பழம் மாதிரிச் சிவந்துபோய், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் இடுப்பளவு கம்பி வேலி. மெட்டி கருத்துப்போன அந்த வெள்ளிக்கிழமை, பின்பக்க வராந்தாவில் பழைய துண்டை விரித்து, மெட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைக்கத் துடைக்க வியர்வை வழிந்தது. பெவ் வேலி ஓரமாக வந்து என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, “பில்டப், லவ். பில்டப்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்தில் பில்டப்பு என்றால் என்ன? இல்லாததை இருக்கிற மாதிரி காட்டிக்கொள்வது. ‘அவ என்னா பில்டப்பு குடுக்கறா பாரு’ என்று ஒருத்தி சொல்லி, அது மற்றவள் காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழம்புக் கிண்ணம் போகாது. கருத்துப்போன இரண்டு மெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தா பில்டப்பு என்கிறாள்? கூடவே லவ் என்று வேறு. எல்லாவற்றையும் துண்டோடு சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் அவள் கையை ஆட்டினால், நான் கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். ரொம்ப நாள் அப்படித்தான் ஓடிற்று.

பிறகு ஒருநாள் மலர் வேலை முடிந்து வந்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஐயோ, இந்த பில்டப்ப தாங்க முடியலம்மா” என்றாள்.

“யாரு, பக்கத்து வூட்டுக்காரியா? உங்கிட்டயும் சொன்னாளா?”

“அவுங்க எதுக்கு எங்கிட்ட சொல்லணும்? வானம்மா. வானத்த சொல்றேன்.”

“வானம் யாருகிட்ட பில்டப்பு காட்டுது?”

அப்புறம் நான் நடந்ததைச் சொன்னதும் மலர் சிரித்த சிரிப்பில் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழைக்கு முந்தி, மேகமாகக் கூடி, காற்றே இல்லாமல் புழுங்கி எடுக்கிற மாதங்களுக்கு இந்த ஊரில் பில்டப் என்றுதான் பேராம். வெள்ளி கருக்கிறது, துணி பூத்துப்போகிறது, அரிசி டப்பாவில் வண்டு வைக்கிறது, எல்லாம் அதனால்தானாம். பாவம் பெவ், என் கையிலிருந்த கருப்பைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொல்லியிருக்கிறாள். லவ் என்பதும் நாம் ‘யம்மா’ என்று கூப்பிடுகிற மாதிரிதானாம். மீன்காரனிடமும் அப்படித்தான் சொல்வாளாம்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நம் அர்த்தமும் தப்பில்லை. நம் ஊரில் ஐப்பசி பிறந்தால் மழை சொன்னபடி வந்து கொட்டிவிடும். நான் பிறந்தது குமராட்சிப் பக்கம், கொள்ளிடத்துக்குக் கிட்டே. அங்கே மழை கொஞ்சம் அதிகமாகவே பேச்சைக் காப்பாற்றும். தண்ணீர் ஏறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். இந்த ஊர் வானமோ அதே ஐப்பசி, கார்த்திகையில் கருத்துக்கொண்டு வரும், உறுமும், மின்னல் வெட்டும். கொடித் துணியை எல்லாம் நான் ஓடி ஓடி எடுத்து முடித்ததும், ஒன்றும் நடக்காத மாதிரி கலைந்து போய்விடும். பில்டப்பு இல்லாமல் வேறென்ன?

வெள்ளி வைத்திருக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்டி அவ்வளவு கருத்ததற்கு வானம் மட்டும் காரணம் இல்லை. மலர் நல்லெண்ணத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, கம்பளிப் பையில் வைத்திருந்தாள். ரப்பரும் கம்பளியும் வெள்ளிக்கு ஆகாது. ரப்பர் பட்ட இடத்தில் கோடு கிழித்த மாதிரி கருப்பு விழும். பழைய பருத்தி வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் போகாத டப்பாவில், ஒரு சாக்பீஸ் துண்டும் ஒரு சூடமும் போட்டு வையுங்கள். சாக்பீஸ் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். குளித்த கையோடு, ஈரம் உலராமல் வெள்ளியைத் தொடாதீர்கள். மலர் கடையில் ஒரு தண்ணீர் வாங்கி வந்தாள், முக்கி எடுத்தால் நொடியில் வெளுத்துவிடுகிறது. ஆனால் அழுகின முட்டை நாற்றம். அதோடு வேலைப்பாட்டுக் கோட்டுக்குள் இருக்கிற கருப்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. கோட்டுக்குள் அந்தக் கருப்பு இல்லை என்றால் மெட்டியில் கோடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. என் மெட்டிக்குக் கோடு ரொம்ப முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கல்யாணம் திருவந்திபுரத்தில். முகூர்த்த நாள் என்றால் அங்கே மலைமேல் தூணுக்கு ஒரு கல்யாணம் நடக்கும். எந்த மேளம் எந்தத் தாலிக்கு அடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் கிடந்தது ஒரே அம்மி. நாலைந்து பெண்கள் வரிசையில் நின்று மிதித்தோம். ஆவணி மாதத்துத் தூறல் வேறு, தரையெல்லாம் வழுக்கல். அவர் என் வலது காலை அம்மிமேல் தூக்கி வைத்து ஒரு மெட்டியைப் போட்டார். இடது காலுக்கு வரும்போது மெட்டி நழுவி, உருண்டு, கூட்டத்துக்குள் போய்விட்டது. மாலையோடு, பட்டு வேட்டியோடு, மனிதர் மண்டியிட்டு அத்தனை கால்களுக்கு நடுவில் தவழ்ந்து போனார்.

“யோவ் மாப்ள, பொண்ணு கால வுட்டுட்டு ஊரு கால எல்லாம் புடிச்சிகினு இருக்கியே!” என்று யாரோ கத்தினார்கள். அவருடைய மச்சான்காரர், “வுடுங்க, இப்பவே பழகிக்கட்டும்” என்றார். நான் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நாரை மாதிரி நின்றேன். கடைசியில் சேற்றுக் கையில் மெட்டியோடு எழுந்து வந்து, துடைத்து, என் விரலில் போட்டுவிட்டார். சாயங்காலம் ஓல்டு டவுன் வீட்டில் கால் கழுவும்போதுதான் மாமியார் கண்டுபிடித்தார்கள். வலது கால் மெட்டியில் மூன்று கோடு. இடது கால் மெட்டியில் இரண்டு கோடு. வேறு எவளோ ஒரு கல்யாணப் பெண்ணின் மெட்டி அது. எங்களுடையது உருண்டு போய் அவள் காலில் ஏறியிருக்க வேண்டும்.

“அதனால என்னா? அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு மாறியிருக்கும். கணக்கு சரியாப்போச்சி” என்றார் அவர். ஆனால் அவர் மனசுக்குச் சரியாகப் போகவில்லை. கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பெண்கள் படியில் கால் வைக்கும்போதெல்லாம் இவர் கண் விரலுக்குப் போய்விடும். “டிக்கெட்ட குடுக்காம கால பாக்கறான் பாரு, எடுபட்டவன்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, அதையும் என்னிடமே சொல்லிச் சிரிப்பார். வருஷக்கணக்காகப் பார்த்தார். மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு ஒருநாள், சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமலே சொன்னார்.

“பாத்துட்டன். பொவனகிரில ஏறுனாங்க ஒரு அம்மா. ஒரு கால்ல ரெண்டு கோடு, ஒரு கால்ல மூணு கோடு.”

“கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஏன் கேக்கல? இத்தினி வருசமா தேடிட்டு!”

“கேட்டா மாத்திக்கணும். நான் ஊரு காலெல்லாம் புடிச்சி உனக்கு எடுத்தாந்து போட்டது இதுதான். அத குடுத்துட்டு நான் என்னா பண்றது?” என்று சொல்லிவிட்டு, “ரசம் ஊத்து” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் அப்புறம் யார் காலையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். என் காலைப் பார்த்தார். மலர் வயிற்றில் இருந்தபோது எனக்குக் குனிய முடியாது. மெட்டியைக் கழற்றாமல் விரலிலேயே வைத்துத்தான் துலக்க வேண்டும். தாலி இருக்கிறவள் கழற்றக் கூடாது. அந்த மாதங்களில் கடல் காற்றுக்கு மெட்டி கருத்துப்போனால் இவரே வாசல்படியில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, துணியில் விபூதி தொட்டுத் தேய்ப்பார். தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா? “என்னா மச்சான், டிக்கெட் கிழிக்கிற கையால கால் புடிக்கிற?” என்பார்கள். “அடுத்த ஸ்டாப்பு வரைக்கும்தான் மச்சான்” என்பார். இப்போது கழற்றி வைத்த மெட்டியைத் துலக்குவது ரொம்பச் சுலபம். இப்படியும் அப்படியும் திருப்பலாம், உள்பக்கம்கூடத் தேய்க்கலாம். அந்தச் சுலபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

விபூதி என்று சொன்னேன் அல்லவா? வெள்ளிக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கோயிலில் கொடுப்பது நெற்றிக்கு, கடையில் வாங்குவது வெள்ளிக்கு. இரண்டையும் நான் கலந்ததில்லை. சிதம்பரத்தில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வீதிக் கடையில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கி வருவேன். இங்கே வரும்போதும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் உடுப்புப் போட்ட ஒருவர் டப்பாவைத் திறந்து, இது என்ன என்று கேட்டார். மலர், “ஆஷ்” என்றாள். அந்த ஆள் முகம் மாறிப்போய், மூடியை மெதுவாக மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்து, தலையைக்கூடத் தாழ்த்தினார். விபூதிக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஆஷ் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பில்டப்பு சங்கதி தெளிந்த பிறகு பெவ்வோடு எனக்குச் சிநேகம் ஆயிற்று. நான் வாழைப்பழம் கொடுப்பேன், அவள் கேக் கொடுப்பாள். பேச்சு என்று பெரிதாக இல்லை. வேலியில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டுவோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் மெட்டி துலக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விபூதியைக் காட்டி என்னவென்று கேட்டாள். “ஆஷ்” என்றேன், தெரிந்த வார்த்தை ஆயிற்றே. பிறகு மெட்டியைக் காட்டினாள். யார் போட்டது என்று கேட்கிறாள் என்று நினைத்து, “மை ஹஸ்பண்ட்” என்றேன். பெவ் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் எங்கள் படியில் ஒரு கிண்ணம் நிறையக் கள்ளிமந்தாரைப் பூ இருந்தது. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு பூவைச் சாமி படத்துக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை மலருக்கு லீவு. நான் வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். பெவ் வேலியோரம் நிற்காமல், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். அரைக்கால் சட்டை இல்லை. பூப்போட்ட கவுன், தலை வாரியிருந்தாள். கையில் துணிப்பை. அதிலிருந்து கருத்துப்போன ஒரு வெள்ளிக் கைச்சங்கிலியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அப்புறம் ஒரு பச்சைத் தகர டப்பா. அதை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து, பிரம்பு நாற்காலியில், ஆளை உட்கார வைக்கிற மாதிரி வைத்தாள். மலரைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். மலர் என் பக்கம் திரும்பினாள்.

“ம்மா, நீ இவுங்ககிட்ட என்னா சொல்லி வெச்ச?”

“நான் என்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே.”

“அப்பா அஸ்தியாலதான் மெட்டி தேய்க்கிறேன்னு சொன்னியா?”

“ஐயய்யோ, நான் ஏன்டி அப்பிடி சொல்லப்போறேன்?”

“அந்த டப்பால இருக்கறது அவுங்க வூட்டுக்காரரு ரான். இந்தச் சங்கிலி அவரு வாங்கிக் குடுத்ததாம். உன்ன மாதிரியே, அவரு சாம்பலாலயே தேய்ச்சிக் குடுக்கணுமாம்.”

இந்த ஊரில் அஸ்தியை வீட்டிலேயே அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். நம் ஊரில் அது வாசற்படி தாண்டி உள்ளே வராது. எங்கள் வீட்டுக்காரருடையதைத் தேவனாம்பட்டினத்துக் கடலில் கரைத்துவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் குமார் வீட்டுக்குள் வந்தான். அந்தக் கடற்கரைக்கு சில்வர் பீச் என்று பேர் வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அந்த ஆள் ஏன் தலை தாழ்த்தினார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இங்கே நாற்காலியில் ஒரு மனிதர் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே சாமி விளக்கு எரிகிறது. நான் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். மலர் மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னாள், இது மனிதச் சாம்பல் இல்லை, பசு மாட்டுச் சாணியைச் சுட்டு எடுத்தது என்று.

பெவ் விபூதியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறாள் பேத்தி. சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டப்பாவைத் தட்டி அதனிடமும் ஏதோ சொன்னாள்.

“‘கேட்டியா ரான், உன்ன மாட்டுச் சாணியாக்கப் பாத்தேன்’னு சொல்றாங்க” என்றாள் மலர். எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

சிரிப்பு அடங்கினதும் பெவ் என் மெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, என் காலைப் பார்த்து, மலரிடம் ஒன்று கேட்டாள். மலர் துண்டின் ஓரத்தைச் சரி செய்தாள்.

“என்னா கேக்கறா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“சொல்லுடி.”

“கால்ல போடறதில்ல, அப்பறம் எதுக்கு வாரா வாரம் தேய்க்கிறாங்கன்னு கேக்கறாங்க.”

“உனக்குத்தான் தெரியுமே. சொல்லு.”

“ம்மா...”

“எங்கிட்ட இங்கிலீசு இல்ல. உங்கிட்டதான் இருக்கு. சொல்லு.”

மலர் பெவ்வைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், மெட்டியைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் இத்தனை நாள் காதில் வாங்காமல் எழுந்து போன ஒவ்வொன்றையும் அவள் வாயாலேயே, அவள் குரலிலேயே வரிசையாகச் சொல்கிறாள் என்பது கடைசி வரைக்கும் அவள் கண் மெட்டியை விட்டு எழாததில் தெரிந்தது. நம் பெண்களாக இருந்தால் இந்நேரம் ‘என்னாக்கா, நல்ல நாளும் அதுவுமா’ என்று அடக்கியிருப்பார்கள். பெவ் அப்படி எதுவும் செய்யவில்லை. காய்கறி விலை கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள்.

“இப்பவே போட்டுக்கலாமே, எதுக்கு அது வரைக்கும்னு கேக்கறாங்க.”

“இத போட்டது அவரு. கழட்டுனது ஊரு. மறுபடி போடறதுன்னா அவருகிட்ட போற அன்னிக்குத்தான்னு சொல்லு.”

சொன்னாள். பெவ் தலையாட்டிவிட்டு, நாற்காலியிலிருந்து டப்பாவைக் கீழே இறக்கி வைத்து, தான் உட்கார்ந்து, என் பாதத்தைக் காட்டி இன்னொன்று கேட்டாள்.

“நான் அன்னிக்கு டூட்டில இருந்துட்டன்னா... நான் வந்து சேர முடியலன்னா, அவுங்களே வந்து போட்டு வுடறாங்களாம். எந்த விரல்னு காட்டச் சொல்றாங்க.”

நான் காலை நீட்டினேன். என் கை விரலுக்குப் போவதற்குள் மலர் தன் கையை வைத்துவிட்டாள், சரியாக அந்த வெளுத்த வளையத்தின் மேல்.

“ஐ நோ,” என்றாள் பெவ்விடம். அந்த இரண்டு வார்த்தை எனக்குத் தெரியும். பிறகு தமிழில், என் காலைப் பார்த்தபடியே சொன்னாள். “வலது கால்ல மூணு கோடு, எடது கால்ல ரெண்டு கோடு. மாத்திப் போட்டா அப்பாவுக்குக் கோவம் வந்துடும். எனக்குத் தெரியும்மா.”

பெவ்வின் கைச்சங்கிலியை எடுத்து, துணியில் விபூதி தொட்டு, ஒவ்வொரு கண்ணியாகத் துலக்கினேன். வேலைப்பாட்டுக் கோட்டுக்குள் இருந்த கருப்பை மட்டும் விட்டுவைத்தேன். ரான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெவ் போன பிறகு வராந்தாவைக் கழுவிவிட்டுத் தலைக்குக் குளித்தேன். பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விட முடியுமா? பெவ்விடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். வானம் அன்றைக்கும் உறுமிவிட்டுக் கலைந்துபோயிற்று.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் சில சமயம் மலரே மெட்டி டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். சூடம் கரைந்திருந்தால் புதிதாக ஒன்று போட்டு வைக்கிறாள். எனக்கு நிம்மதிதான். ஆனாலும் இரண்டு கோடு மெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் புவனகிரியில் பஸ் ஏறின அந்த அம்மாள் நினைவுக்கு வருகிறாள். பேர் தெரியாது, முகம் தெரியாது. இருக்கிறாளோ இல்லையோ. அவளுடையது ஒன்று கடல் தாண்டி வந்து இங்கே சாக்பீஸோடு கிடக்கிறது. என்னுடைய மூன்று கோடு ஒன்று வெள்ளாற்றங்கரையில் அவள் காலோடு கடைக்கும் வயலுக்கும் இத்தனை வருஷமாக நடந்துகொண்டே இருக்கிறது; அது ஊரை விட்டு வரவே இல்லை. நடக்கிற காலில் கிடக்கிற வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கருக்காது. அவள் அதைக் கழற்றும்படி ஆகியிருக்கக் கூடாது என்று விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

போதும் யாழினி, கை வலிக்கும். எங்கே, முதலிலிருந்து ஒருமுறை ஆயாவுக்குப் படித்துக் காட்டு. உங்கம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். கோடு எத்தனை என்று வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.